உன் வலமும் என் வலமும்

எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரும் பக்கத்து வீட்டு மோட்டாரும் காலையில் ஒரே நேரத்தில் ஓடினால் அந்தச் சத்தம் சீராக இருப்பதில்லை. எழும்பும், அடங்கும், மறுபடி எழும்பும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சுருதிதான். துளி வித்தியாசம் இருக்கிறது, அதுதான் அப்படி விம்முகிறது. மற்றவர்களுக்கு அது வெறும் இரைச்சல். எனக்கு அதைக் கேட்டால் நீ பின்னால் வந்து நிற்பதுபோல் இருக்கும். பல் துலக்கிக்கொண்டிருக்கிறவள் குழாயை மூடாமல் அப்படியே நின்றுவிடுவேன். பிறகு திரும்பிப் பார்ப்பேன். இந்த வயதிலும் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறேன்.

நீ செத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. செத்து என்றே எழுதுகிறேன், உனக்கு அதுதான் பிடிக்கும். யாராவது காலமாகிவிட்டார் என்று சொன்னால், "காலம் வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போச்சாக்கும்" என்று கேட்கிறவள் நீ. வழக்கத்துக்காகச் சொல்லும் சொல் எதுவும் உனக்கு ஆகாது. அந்தக் குணத்தால்தான் நான் இன்றைக்கும் இந்தப் பாடு படுகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் நீ இயற்பியலும் நான் கணக்கும் சொல்லிக்கொடுத்தோம். சிம்மக்கல்லில் ஒரு மாடி அறையை இருவரும் சேர்ந்து எடுத்திருந்தோம். கீழே வெல்லமும் பருப்பும் மூட்டை மூட்டையாக இறங்கும் கடை. நம் துணிமணியெல்லாம் வெல்ல வாசனை அடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தண்ணீர் பிடிக்கிற பித்தளைக் குடத்தைக் கழுத்தில் கயிறு கட்டி உத்தரத்துக் கொக்கியில் தொங்கவிட்டாய். கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினாய். கணீரென்று ஒலித்துச் சீராக அடங்கியது. பிறகு கயிற்றை முறுக்கி, குடத்தைச் சுற்ற விட்டு, மறுபடி தட்டினாய். இந்த முறை ஒலி விம்மி விம்மி வந்தது.

"கண்ண மூடிக்கிட்டுச் சொல்லு. குடம் எம்புட்டு வேகமாச் சுத்துது?"

"கண்ண மூடிக்கிட்டா எனக்கு எப்படிடீ தெரியும்?"

"கேளு. விம்முறத எண்ணு. சுத்து கூடுனா விம்மலும் கூடும். குடத்தப் பார்க்கவே வேணாம்."

வீட்டுக்கார அம்மா கீழேயிருந்து குரல் கொடுத்தார். "என்ன டீச்சரு, மாடில கோயில் எதும் கட்டுறீங்களா?" நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அன்றைக்குத்தான் நீ எதைப் படிக்கிறாய் என்பது எனக்கு முதன்முதலாக உறைத்தது.

சூரியனும் அப்படி அதிர்கிற ஒரு குடம் என்றாய். அதன் மேல்பகுதி உலைநீர் மாதிரி கொதிக்கிறது. அந்தக் கொதிப்பில் பிறக்கும் ஒலியலைகள் உள்ளே இறங்கி, வளைந்து, மறுபடி மேலே வருகின்றன. அதனால் சூரியனின் முகம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போல மூச்சு விடுகிறது. சுற்றுகிற திசையிலேயே ஓடும் அலை நமக்குக் கொஞ்சம் விரைவாகத் தெரியும், எதிர்த்து ஓடுவது கொஞ்சம் மெதுவாகத் தெரியும். அந்தத் துளி வித்தியாசத்தை அளந்தால், அலை போய்வந்த ஆழத்தில் சூரியன் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று சொல்லிவிடலாம். சில அலைகள் மேலோடு திரும்பிவிடும். சில ஆழம்வரை போகும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக் கழித்து, வெங்காயம் உரிக்கிற மாதிரி உள்ளே போகலாம். ஆனால் நட்டநடுவைத் தொட்டு வரும் அலைகள் மிகக் குறைவு. அவை சொல்வதும் தெளிவாகக் கேட்காது.

"அப்ப நடுவுல என்ன நடக்குதுன்னு எப்படிச் சொல்லுவ?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன். எதுவரைக்கும் கேக்குதோ அதுவரைக்கும் சொல்லுவேன். அதுக்கு மேல சொன்னா அது புளுகு."

எனக்கு அது அரைகுறை வேலையாகப் பட்டது. கணக்கு என்றால் விடை வர வேண்டும். நீயோ ஒரே சத்தத்துக்கு உள்ளே பலவிதமான சூரியன்கள் பொருந்தும் என்று காட்டினாய். வெளியே ஒன்றுதான் கேட்கும், உள்ளே இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம். காகிதத்தில் இரண்டு மூன்று கோடுகள் போட்டாய். மேலே எல்லாம் ஒட்டிப்போயின. நடுவுக்கு வர வர ஆளுக்கொரு பக்கம் பிரிந்தன. அந்தக் கோடுகளைப் பார்த்து நான் அன்றைக்குக் கேலி செய்தேன்.

சனிக்கிழமை கல்லூரி விட்டதும் ஊருக்குக் கிளம்புவாய். திருமங்கலத்துக்கு அப்பால் கரிசல் காடு. உன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்து, பிற்பாடு சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கியவர்கள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "போறேன்டி" என்பாய். எனக்குச் சுருக்கென்றிருக்கும். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் அம்மா கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவாள். வெளியே போகிறவர் "வாரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். மதுரையில் கடன்காரன்கூட அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவான்.

"வாரேன்னு சொல்லேன்டி. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"போறவ போறேன்னுதான சொல்லணும்? எல்லாரும் வாரேன் வாரேன்னா, அதக் கேட்டு யாருக்கு என்ன தெரியப்போகுது? வாரப்ப நான் வாரேன்னு சொல்றேன், போதுமா?"

ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தச் சண்டை உண்டு. ஒரு தடவைகூட நீ விட்டுக்கொடுத்ததில்லை.

பிறகு அந்த அட்டவணை வந்தது. வெளிநாட்டில் சூரியனை நாள்கணக்கில் பார்த்து அலைகளை அளந்தவர்கள் வெளியிட்டது, ஓர் ஆய்விதழில் வந்திருந்தது. உன் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு அதுதான் அரிசி. எண்களிலிருந்து வேகத்தை எடுக்கும் கணக்கை நான் செய்து தருவதாக ஒத்துக்கொண்டேன். மேற்கே மலையடிவாரத்துப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் இருந்தது. கணக்கைத் துளைகளாகப் போட்ட அட்டைகளைச் செருப்புப் பெட்டியில் அடுக்கி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவோம். அலைகளுக்கு நீ தமிழில் பெயர் வைத்திருந்தாய். ஒரு பக்கம் ஓடுவது வலம், மறுபக்கம் ஓடுவது இடம். மேற்பரப்பின் வேகத்தை முன்கூட்டியே கழித்துவிட்டோம். மிச்சம் இருப்பது கூட்டலா கழித்தலா என்பதுதான் கேள்வி. கூட்டல் என்றால் உள்ளே வேகம் அதிகம், கழித்தல் என்றால் குறைவு.

கூட்டல் என்று வந்தது. உள்ளே வேகமாகத்தான் சுற்ற வேண்டும் என்று அப்போது பலபேர் எண்ணியிருந்தார்கள். உன் வழிகாட்டிப் பேராசிரியருக்கும் அதே எண்ணம். அவர் உனக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார். நாம் இருவரும் கோயிலுக்குப் போனோம். உனக்குப் பக்தி கிடையாது, எனக்காக வந்தாய். நான் பழக்கத்தில் பிராகாரத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். பின்னால் வந்தவள் திடீரென்று நின்றாய்.

"இது எந்தப் பக்கம்டி?"

"எந்தப் பக்கம்னா? வலம் வாரோம்."

"இதுவா வலம்?"

உன் முகம் வெளுத்துவிட்டது. என் முந்தானையைப் பிடித்து ஓரமாக இழுத்தாய். என் அப்பா கோயில் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். நடக்கக் கற்ற நாளிலிருந்து எனக்கு வலம் என்றால் சாமியை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுகிற திசை. மேலேயிருந்து பார்த்தால் கடிகார முள் போகிற திசை. அந்தத் திசையைத்தான் நான் கணக்கில் வைத்திருந்தேன். சூரியன் வடக்கேயிருந்து பார்த்தால் அதற்கு எதிர்ப்பக்கம் சுற்றுகிறது.

"நீ எத வலம்னு எழுதுன?" என்று கேட்டேன்.

"சூரியன் போற பக்கத்த. எங்க ஊர்க் கோயிலுக்குள்ள எங்கள விட மாட்டாக. தெருமுக்குல நின்னு பார்ப்போம். தேர் வரும். ஆளுக, சாமி வலம் வருது வலம் வருதும்பாக. எனக்கு வலம்னா சாமி போற பக்கம்டி, இங்க சாமி சூரியன்தான. சுத்துறவுக போற பக்கம்னு நான் எங்க கண்டேன்?"

பிராகாரத்தில் கூட்டம் நம்மை இடித்துக்கொண்டு போனது. நீதான் முதலில் சிரித்தாய். பிறகு இருவரும் தூணில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் நீ சொன்னாய்: "ஒரு எண்ண வாங்குறதுக்கு முன்னாடி, எழுதுனவ எங்க நின்னு எழுதுனான்னு கேக்கணும் போல." கூட்டல் கழித்தலாகிவிட்டது. மறுநாளே பேராசிரியரிடம் போய் விடையை மாற்றிச் சொன்னாய். பாதி ஆழம்வரை வேகம் மேற்பரப்பைவிடக் கொஞ்சம் குறைவு, நடுவைப் பற்றித் தெரியாது. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பட்டத் தேர்வில் உன்னைத் துருவித் துருவிக் கேட்டார்கள். நீ தெரிந்ததைத் தெரியும் என்றாய், தெரியாததைத் தெரியாது என்றாய். பட்டம் கிடைத்தது.

மாடிப்படி ஏறினால் உனக்கு மூச்சு வாங்கும். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலாகக் கிடந்தாயாம். வீட்டுக்காரம்மா நச்சரித்ததால் உன்னை ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் குழலை உன் மார்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் கேட்டார். நீ பயப்படவில்லை. அவர் கேட்கிற அழகைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இதயத்துல ஒரு வால்வு சுருங்கியிருக்கும்மா. மாத்திரை தாரேன். வேலைக்குப் போகலாம், கல்யாணம் பண்ணிக்கலாம். பிள்ளை மட்டும் வேண்டாம். இந்த இதயம் தாங்காது."

நானும் கேட்டேன். நீயும் கேட்டாய். அதில் மயக்கம் ஒன்றும் இல்லை.

அடுத்த வருடம் உனக்குக் கல்யாணம் ஆனது. உங்கள் ஆட்களிலேயே ஒருவர், வங்கிக் குமாஸ்தா, அதிர்ந்து பேசாதவர். டாக்டர் சொன்னதை அவரிடம் சொல்லிவிட்டதாக என்னிடம் சொன்னாய். பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குடிபோனீர்கள். நான் அந்த அறையிலேயே இருந்தேன். ஒருநாள் கல்லூரி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே, "நாலு மாசம்டி" என்றாய்.

உன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். யார் சொல்லி என்று கேட்டேன். மாமியாரா, அவரா, நீயா? நீ சொன்னாய்: "எதச் சொன்னா நீ நிம்மதியாப் போவ?"

அதற்குப் பிறகு நானும் விடவில்லை. ஒருநாள், "அவரு அம்மாவுக்கு ஒரே ஆச. தினம் சாமி படத்துக்கு முன்னாடி உக்காந்து அழுகுறாக, பார்க்கச் சகிக்கல" என்றாய். சரி, அவர்கள்தான் உன்னைக் குழியில் தள்ளுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். மறுவாரம் உன் வீட்டுக்கு வந்தேன். நீ ஒரு துண்டு மெல்லிய பருத்தித் துணியை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாய். நிமிராமல், "எனக்கு ஒண்ணு வேணும்டி. நான் செத்தாலும் முழிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி ஒண்ணு" என்றாய். சரி, இவளே ஆசைப்பட்டதுதான் என்று நினைத்தேன். அதற்கு அடுத்த வாரம் கல்லூரி மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நீ அழுததைப் பார்த்தேன். மூச்சுத் திணறலா, மனத்தாங்கலா? கேட்டால் தலையை ஆட்டினாய். எதற்கு ஆட்டினாய் என்று இன்றுவரை தெரியாது.

பிள்ளை பிறக்க வேண்டிய நாளுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் வந்தபோது உன்னை உள்ளே கொண்டுபோகக் கட்டிலைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வெயில் நேரம், தாழ்வாரம் முழுக்க ஈர டெட்டால் வாடை. நான் பக்கத்தில் ஓடினேன். கதவு வரைக்கும்தான் விட்டார்கள். உன் உதடு நீலம் பூத்திருந்தது. என்னைப் பார்த்தாய்.

"வாரேன்டி."

குழந்தை பிழைத்தது. நீ பிழைக்கவில்லை.

வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்தச் சொல்லில் சேதி ஒன்றும் இல்லை. பால்காரர் தினமும் சொல்கிறார். நீ சொன்னாய் என்பதுதான் என்னை உறங்க விடவில்லை. உன் வழக்கப்படி சொல்லியிருந்தால், நீ நிஜமாகவே திரும்பி வரப்போவதாக நம்பினாய். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறி வர ஆசைப்பட்டாய். என் வழக்கப்படி சொல்லியிருந்தால், போகிறோம் என்று தெரிந்துவிட்டது. இத்தனை நாள் கெஞ்சினாளே, இன்றைக்காவது இவள் ஆசைப்பட்ட மாதிரி சொல்லிவிட்டுப் போவோம் என்று நினைத்திருக்கிறாய். உன் வலமா, என் வலமா? எத்தனையோ விடியற்காலைகளில் நான் இதை இப்படியும் அப்படியும் போட்டுப் பார்த்தேன். இரண்டும் பொருந்துகின்றன, அடியே. மாடிப்படியில் யாராவது மூச்சு வாங்க ஏறிவந்தால் இன்றைக்கும் நான் எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறேன். யாரும் இருப்பதில்லை, அல்லது மேல் வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு நிற்கிறார்.

போன மாதம் உன் மகள் வந்தாள். உன் வீட்டுக்காரர் அப்போதே மாற்றல் வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டார். அவள் அங்கேயே வளர்ந்து, படித்து, வேலையும் பார்க்கிறாள். பொங்கலுக்கு ஒரு போன் பேசுவாள், அவ்வளவுதான் தொடர்பு. பஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்து வாசலில் நின்றாள். நெற்றி உன்னுடையது. சொல்லாமல் கொள்ளாமல் வந்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். காப்பி கொடுத்தேன். ஆறிப்போகும்வரை கையில் வைத்திருந்தாள்.

"பெரியம்மா, ஒண்ணு கேக்கணும். அப்பத்தா சாகுறவரைக்கும், உங்கம்மா ஆசப்பட்டுத்தான் உன்னைப் பெத்தான்னு சொன்னாங்க. அம்மாச்சி, எம்புள்ளைய வற்புறுத்திக் கொன்னுட்டாங்கன்னு சொல்லும். அப்பா கேட்டாலே எந்திருச்சுப் போயிடுவார். உங்களுக்குத்தான் அம்மாவ நல்லாத் தெரியும். என்னை வேணும்னுதான் பெத்தாங்களா?"

எனக்கு ஆசையாக இருந்தது. ஆமாம் என்று சொல்லி அவள் தலையைத் தடவிக்கொடுக்க அவ்வளவு ஆசையாக இருந்தது. என்ன குறைந்துவிடும்? மூன்று எழுத்து. பெற்றவள் இல்லாமல் வளர்ந்த பெண்ணுக்கு அதைக் கொடுத்தால் புண்ணியம். வாயைத் திறந்தேன். அது உன்னைப் பற்றிய புளுகாகிவிடும் என்று பட்டது.

கேட்டதை மட்டும் சொன்னேன். டாக்டரம்மா சொன்னது, மாமியாரின் அழுகை, நீ தைத்த துணி, நீ அப்போது சொன்னது, மாடிப்படி, ஆஸ்பத்திரிக் கதவு. அந்த ஒரு சொல்லையும், அதை ஏன் என்னால் ஒரு பக்கமாக வைத்துக்கொள்ள முடியவில்லை என்பதையும் சொன்னேன். "இதுவரைக்கும் எனக்குக் கேட்டதும்மா. அதுக்கு உள்ள எனக்குத் தெரியல" என்று முடித்தேன். சொல்லும்போதே என்மேல் எனக்கு வெறுப்பாக இருந்தது. அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தவளுக்கு இதையா கொடுப்பார்கள்?

அவள் அழவில்லை. ஆறிய காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தெரியலன்னு சொன்ன மொத ஆள் நீங்கதான் பெரியம்மா" என்றாள். "எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. ஆளுக்கொரு அம்மாவக் கையில குடுத்தாங்க. எதையும் என்னால வச்சுக்க முடியல."

பிறகு கூடத்துச் சோபாவில் சாய்ந்து, மதியச் சாப்பாடுகூட இல்லாமல், சாயங்காலம் வரை தூங்கினாள். பல வருடம் தூங்காதவள் மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். நான் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குறையும் இல்லாத மூச்சு.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. சூரியன் வாய் திறந்து சொல்லாது. நீ மனுசிதானே. அந்த பஸ் நிறுத்தத்தில் நான் அப்படிக் கெஞ்சினேனே, என்னிடமாவது நீ சொல்லியிருக்கலாம்.